இரண்டாவது டம்ளர்

பெரியப்பா காலமாகி ஏழு மாதம் கழித்து, மயிலாடுதுறையில் பெரியம்மா வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். முதல் நாள் காலை ஐந்தே காலுக்கே அடுக்களையில் விளக்கு எரிந்தது. பெரியம்மா ஃபில்டரின் மேல் பாத்திரத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதா என்று தூக்கிப் பார்த்தார். பால் பொங்கி வரும் நேரத்தில், திரும்பிப் பார்க்காமலேயே ஷெல்ஃபுக்குக் கை போனது. மேடையில் டபரா டம்ளர் இரண்டு ஜோடி வந்து உட்கார்ந்தன. ஒன்று எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுந்துவிட்டதே அவருக்குத் தெரியாது. ஒரு கணம் இரண்டையும் பார்த்தபடி நின்றார். பிறகு ஒன்றை எடுத்து ஷெல்ஃபில் கவிழ்த்து வைத்தார்.

"தினமும் இப்படித்தானா பெரியம்மா?"

"தினமும் இல்லடா. மறந்துட்டேன்னு நினைச்சுக்காத. அவர் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? கைக்குத்தான் தெரியலை."

சென்னையிலிருக்கும் மகனுக்கு இது மறதி நோயின் தொடக்கமோ என்று பயம். மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டினான். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது என்று எல்லாவற்றுக்கும் பெரியம்மா சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார். நினைவில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் அந்த இரண்டாவது டம்ளர் எங்கிருந்து வருகிறது?

"கைக்குத்தான் தெரியலை" என்பதை நான் முதலில் ஒரு பேச்சுவழக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். மூளை ஆய்வாளர்கள் எழுதியவற்றைப் படித்த பிறகுதான் அது கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் உண்மை என்று புரிந்தது.

மின்சாரம் போன இரவில் நம் வீட்டில் நாம் எப்படி நடக்கிறோம்? ஊஞ்சல் எங்கே, தூண் எங்கே, தீப்பெட்டி எந்த மாடத்தில் என்று யோசிப்பதில்லை. கால் தானாக வளைந்து போகிறது. தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நடக்கிறோம். படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் உடம்பே ஒரு குலுக்குக் குலுக்குமே, அதுதான் வரைபடத்துக்கும் தரைக்கும் பொருத்தமில்லாமல் போகும் கணம். கண் பார்ப்பதற்கு முன்பே மூளை எதிர்பார்த்துவிடுகிறது. எதிர்பார்த்தது தவறினால்தான் நாம் கவனிக்கவே தொடங்குகிறோம்.

இந்த வரைபடத்தை எலிகளின் மூளையில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் ஆய்வகம் நடத்தும் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும், மூளைக்குள்ளிருக்கும் இட உணர்வைப் பற்றிய ஆய்வுக்காக 2014இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே செய்த ஒரு சோதனை நம் கதைக்கு வேண்டியது. ஒரு பெட்டிக்குள் எலியை ஓடவிட்டு, ஓரிடத்தில் ஒரு பொருளை வைத்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவு மையத்துக்கு வாசல்போல் அமைந்த பகுதியில் மயிரிழை போன்ற மின்முனைகள். எலி அந்தப் பொருளருகே போகும்போதெல்லாம் சில செல்கள் துடித்தன. அதில் வியப்பில்லை. பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். இப்போது வேறு சில செல்கள் துடித்தன, பொருள் முன்பு இருந்த அதே இடத்தில். வெறும் தரை, ஆனால் செல்லைப் பொறுத்தவரை அங்கே ஏதோ இருக்க வேண்டும். இது நாள்கணக்கில் நீடித்தது. இவற்றைத் தமிழில் 'தடயச் செல்கள்' என்று சொல்லலாம்: பொருள் போன பின்னும் அதன் தடயத்தைப் பிடித்துவைத்திருக்கும் செல்கள்.

எலிக்குப் பெட்டியிலிருந்து போன பொருளும் மனுஷிக்கு வீட்டிலிருந்து போன கணவரும் ஒன்றல்ல. இதைச் சொல்லிவிடுவது நல்லது. இங்கிருந்து துக்கத்துக்குப் பாலம் போட்டவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மேரி-ஃபிரான்சஸ் ஓகானர். அவர் சொல்வது ஒரு கருதுகோள். ஆனால் நம் அனுபவத்தோடு ஒட்டி வருகிற கருதுகோள். மூளையில் இரண்டு விதமான அறிவு இருக்கிறது என்கிறார் அவர். ஆஸ்பத்திரி, மருத்துவர் சொன்ன சொல், சுடுகாடு, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் நிகழ்ச்சிகளின் நினைவு. அவை ஒரே தடவையில் பதிந்துவிடுகின்றன. இன்னொன்று, பழகிப் பழகிப் படிந்த அறிவு: அவர் இருப்பார், காபி கேட்பார், பேப்பரை மடித்து வைப்பார். பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி 46 வருஷம். ஏறத்தாழ 16,800 காலைகள். அத்தனை காலைகள் சேர்ந்து எழுதிய கணக்கை ஒரு ராத்திரி வந்து அழித்துவிட முடியாது. மூளை புதிதாக ஒவ்வொரு காலையும் எண்ண வேண்டும். எதிர்பார்ப்பு தவறுகிற ஒவ்வொரு முறையும் அது ஒரு பாடம். இரண்டாவது டம்ளரைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிற அந்தக் கணம்தான் வகுப்பு. துக்கம் ஒரு நோய் என்பதைவிட, விருப்பமில்லாத ஒரு படிப்பு என்று எடுத்துக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும். ஏன் இவ்வளவு சோர்வு என்பதும்தான்.

இப்படித் தடுமாறுவது பெரியம்மா மட்டுமல்ல. வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் ஊர் வைத்தியராக இருந்த டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலருக்குக் குரல் கேட்டது, சிலருக்கு உருவம் தெரிந்தது. பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

சரி, இந்தத் தடுமாற்றம் டம்ளரோடு நின்றுவிடுமா? உடம்பையும் தொடுமா? 'அவர் போன ஆறாம் மாசம் இவரும் போயிட்டார்' என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1957இல் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களை அரசின் இறப்புப் பதிவேடுகள் வழியே ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். காலின் முர்ரே பார்க்ஸ் குழு 1969இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களின் இறப்பு வீதத்தைவிட இது சுமார் 40 விழுக்காடு அதிகம். அதிகப்படியான இந்த இறப்புகளில் பெரும்பங்கு இதய நோயால். பிறகு அந்த ஏற்றம் மெல்ல இறங்கி மற்றவர்களின் அளவுக்கே வந்துவிட்டது.

இதைத் 'துணையிழப்பு விளைவு' என்போம். ஆனால் இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரே புகையைச் சுவாசித்தவர்கள். மனைவியைக் கொன்ற அதே காரணம் கணவனையும் கொன்றிருக்கலாமே? அப்படியானால் அதிகப்படி இறப்பு ஆண்டுக்கணக்கில் சீராகப் பரவியிருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் குவிந்து பிறகு வடிவதுதான், துக்கத்துக்கே இதில் பங்கு இருக்கிறது என்று காட்டும் தடயம். போதாக்குறைக்கு, 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விந்தையான இதயக் கோளாறை விவரித்தார்கள். பேரதிர்ச்சிக்குப் பின், ரத்தக் குழாயில் எந்த அடைப்பும் இல்லாமலேயே, இதயத்தின் நுனி உப்பிப்போய்த் துடிப்பு குன்றுகிறது. படத்தில் அந்த இதயம் அவர்கள் ஊர் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும், கழுத்துக் குறுகிய பானை போலிருந்ததால் அதன் பெயரையே வைத்துவிட்டார்கள்: தாகோட்சுபோ. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். நெஞ்சு வெடித்துவிட்டது என்று சொல்வதை இனி யாரும் வெறும் உயர்வுநவிற்சி என்று தள்ள வேண்டாம்.

ஆனால் இந்த எண்களிலேயே நின்றுவிட்டால் தப்பான படம் கிடைக்கும். 4,486 பேரில் 213 பேர் என்றால், மற்றவர்கள் அந்த ஆறு மாதத்தைக் கடந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படிக் கடந்தார்கள்?

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. துக்கத்திலிருப்பவரிடம் போய் 'முன்னே எப்படி இருந்தீங்க?' என்று கேட்டால், பழைய நாட்களெல்லாம் பொன்னாகத் தெரியும். சண்டை போட்டதெல்லாம் மறந்திருக்கும். இழப்புக்கு முன்பே அவர்களை அறிந்திருக்க வேண்டும். யார் எப்போது இழக்கப்போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1987, 88 ஆண்டுகளில் வயதான தம்பதியரைச் சேர்ந்த 1,532 பேரிடம் நீண்ட நேர்காணல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் காத்திருந்தார்கள். உள்ளூர் நாளிதழ்களின் மரண அறிவிப்புகளையும் மாநில இறப்புப் பதிவுகளையும் பார்த்துக்கொண்டே இருந்து, தங்கள் பட்டியலிலுள்ள ஒருவரின் துணை இறந்தால் ஆறாம் மாதம், பதினெட்டாம் மாதம், நாலாம் ஆண்டு என்று போய்ப் பார்த்தார்கள். கல்நெஞ்ச வேலை போலத் தோன்றும். ஆனால் இதை விட்டால் முன்னும் பின்னும் ஒப்பிட வேறு வழியில்லை. இவ்வகையை 'முன்தொடர் ஆய்வு' எனலாம்: நடந்த பிறகு பின்னோக்கிக் கேட்காமல், நடப்பதற்கு முன்பிருந்தே தொடர்வது.

ஜார்ஜ் பொனானோவும் தோழர்களும் அதில் துணையை இழந்த 205 பேரின் தரவை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். மிகப் பெரிய கூட்டம், சுமார் 46 விழுக்காடு, இழப்புக்கு முன்பும் பின்பும் பெரிய மனச்சோர்வில் விழாமல் தாக்குப்பிடித்தவர்கள். அழவில்லை, ஏங்கவில்லை என்று பொருளல்ல. அழுதபடியே சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். சுமார் 16 விழுக்காட்டினர் விழுந்து பதினெட்டு மாதம் கழித்தும் எழ முடியாதவர்கள். சுமார் 10 விழுக்காட்டினர் துணை இறந்த பிறகு முன்பைவிட நன்றாக ஆனார்கள். நீண்ட நாள் படுக்கையிலிருந்தவரைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்தவர்களும், மணவாழ்க்கையே சுமையாக இருந்தவர்களும் இவர்களில் இருந்தார்கள். நம் ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியபோது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான் எழுதினார். உறவை இழந்தவர்களின் துக்கத்துக்கு அதை அப்படியே மாட்டிவிட்டது பிற்காலத்து வேலை. படிக்கட்டு என்ற உவமையே இங்கே பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த மாதிரிக்குப் பொருத்தமானது நம் கூடத்து ஊஞ்சல். ஒரு பக்கம் போனால் இழப்பு: புகைப்படம், சட்டை வாசம், அழுகை. மறுபக்கம் போனால் மீட்பு: புதிய வேலை, புதிய பொறுப்பு, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து சீரியல் பார்ப்பது. ஆரோக்கியமான துக்கம் இரண்டுக்கும் இடையே ஆடுகிறது. இழப்புப் பக்கமே நின்றுவிட்டாலும் தொல்லை, அந்தப் பக்கமே போகாமல் இருந்தாலும் தொல்லை.

மீட்புப் பக்கம் என்றால் ஏதோ சுகமான இடம் என்று நினைக்க வேண்டாம். பெரியப்பா தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேங்க், கரண்ட் பில், சிலிண்டர் புக் பண்ணுவது எல்லாம் அவர் கையில். அவர் போனதும் பெரியம்மாவுக்குக் கணவர் மட்டும் போகவில்லை, வீட்டின் கணக்குப்பிள்ளையும் போனார். நான் அங்கே இருந்த வாரத்தில் ஏ.டி.எம். போனோம். கார்டை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதில் இரண்டு முறை தப்பு. பின் நம்பரை அழுத்தும்போது ஒவ்வொரு எண்ணையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வெளியே வந்ததும் சிரித்தார். வாசலுக்கு வந்ததும் அழுதார். நவம்பர் மாதம் குடும்ப ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். "உயிரோட இருக்கேன்னு நானே போய்ச் சொல்லணுமா?" என்றார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. ஊஞ்சல் ஆட்டம் மாதக்கணக்கில் மட்டுமல்ல, ஐந்து நிமிஷத்துக்குள்ளும் நடக்கிறது.

இனி இந்தக் கட்டுரையின் கடினமான பாதிக்கு வருகிறேன். 'வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வேண்டும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பிடிப்பை அளக்க முடியுமா? உளவியலாளர்கள் இதை நோக்குணர்வு என்ற பொருளில் ஒரு தனி அளவாகக் கொள்கிறார்கள். இது சந்தோஷம் அல்ல. சந்தோஷம் இன்றைய மனநிலை. நோக்குணர்வு நாளையைப் பற்றியது. பேரனுக்கு விடிய விடிய ஜுரத்துண்டு போடும் பாட்டி அந்த ராத்திரி சந்தோஷமாக இல்லை. ஆனால் எதற்காக விழித்திருக்கிறோம் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை.

ஜப்பானியரிடம் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒரு சொல் இருக்கிறது, இகிகாய். அந்தச் சொல்லை வைத்து இப்போது உலகெங்கும் புத்தகமும் டீ கோப்பையும் விற்கிறார்கள், அதை விட்டுவிடுவோம். மியாகி மாகாணத்தின் ஓசாக்கி வட்டாரத்தில் 43,391 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்களுக்கு இகிகாய் இருக்கிறதா? ஏழு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அதற்குள் 3,048 பேர் இறந்திருந்தார்கள். வயது, நோய், புகை, குடி, வேலை என்று பலவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், இல்லை என்றவர்களின் இறப்பு ஆபத்து உண்டு என்றவர்களைப்போல் ஒன்றரை மடங்கு. 2008இல் வந்த இந்த முடிவில் என்னை ஈர்த்தது வேறொரு வரி. இதய, ரத்தக்குழாய் நோய்களாலும் விபத்து போன்ற வெளிக் காரணங்களாலும் வந்த இறப்புகளில்தான் வேறுபாடு தெரிந்தது. புற்றுநோயில் தெரியவில்லை. மனவலிமையால் புற்றுநோயை வென்றேன் என்கிற மேடைப் பேச்சுகளுக்கு முன்னால் இந்த வரியை வாசித்துக் காட்ட வேண்டும்.

இங்கேயும் அதே சந்தேகம் வர வேண்டும், இன்னும் கூர்மையாக. பிடிப்பு இருப்பதால் உடம்பு நன்றாக இருக்கிறதா, உடம்பு நன்றாக இருப்பவருக்குத்தான் பிடிப்பே இருக்கிறதா? முழங்கால் வலியில் எழுந்திருக்கவே முடியாதவரிடம் 'வாழ்க்கையில் நோக்கம் உண்டா' என்று கேட்டால் என்ன சொல்வார்? பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து 2016இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: உடல்நலக் குறைவைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிட்டால், சந்தோஷமின்மை தன்னளவில் ஆயுளைக் குறைக்கவில்லை. நோய்தான் சந்தோஷத்தையும் ஆயுளையும் சேர்த்துக் குறைத்திருக்கிறது. அது சந்தோஷம் பற்றியது, நோக்குணர்வு பற்றியதல்ல. என்றாலும், இந்தத் துறையில் வரும் எந்த எண்ணையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

இந்தச் சந்தேகத்தை ஓரளவு தாண்டிப்போனது சிகாகோவின் ரஷ் மருத்துவ மையத்தில் 1997இல் தொடங்கிய ஆய்வு. அதில் சேரும் முதியவர்கள் ஆண்டுதோறும் நினைவுச் சோதனைகளுக்கு உட்படுகிறார்கள். இறந்த பிறகு மூளையைத் தானம் செய்யவும் சம்மதிக்கிறார்கள். பட்ரிஷியா பாயிலின் குழு 2012இல், அப்படி இறந்த 246 பேரின் மூளையை வெட்டிப் பார்த்த விவரங்களை வெளியிட்டது. அல்சைமர் நோயில் மூளைச் செல்லுக்குள் புரதம் நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்ளும், வெளியே படிவாகப் படியும். நோக்குணர்வு மிகுந்தவர்களின் மூளை சுத்தமாக இருந்ததா? இல்லை. சிக்கலும் படிவும் அவர்களுக்கும் இருந்தன. ஆனால் அதே அளவு சிக்கலைச் சுமந்துகொண்டே, நோக்குணர்வு குறைந்தவர்களைவிட உயிரோடிருந்தபோது நன்றாக யோசித்திருந்தார்கள், மெதுவாகத் தேய்ந்திருந்தார்கள். பழைய ஸ்கூட்டரை ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினால் ஓடும் என்போமே, அதுபோல. எந்திரம் அதே எந்திரம்தான்.

இதுவும் நிரூபணம் ஆகாது. நிரூபணம் வேண்டுமென்றால் குலுக்கிப் போட வேண்டும்: ஒத்த மக்களை எடுத்து, சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்க்க வேண்டும். நோக்கத்தை எப்படிக் கொடுப்பது? மாத்திரையா அது? பால்டிமோரில் லிண்டா ஃப்ரீட் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். அறுபது தாண்டியவர்களைப் பயிற்றுவித்து, ஏழைக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வாரம் 15 மணி நேரம் அனுப்பினார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தர, நூலகத்தைத் திறந்து வைக்க. 702 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். அவர்களில் 111 பேருக்கு மூளைப் படமும் எடுத்தார்கள். வயதானால் ஆண்டுக்காண்டு சுருங்கும் ஹிப்போகாம்பஸ், பள்ளிக்குப் போன ஆண்களுக்கு இரண்டாண்டு முடிவில் சுருங்காமல் சற்றே பெருத்திருந்தது. போகாத ஆண்களுக்கு வழக்கம்போலச் சுருங்கியது. பெண்களில் மாற்றம் அவ்வளவு தெளிவாக இல்லை. 111 என்பது சின்ன எண். நடந்தது, படியேறியது, சக மனிதரோடு பேசியது, பிறருக்குத் தேவைப்பட்டது, இவற்றில் எது வேலை செய்தது என்று பிரித்தறியவும் முடியாது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. உடம்புக்கு நல்லது, நடங்கள் என்றால் இரண்டு நாள் நடந்து நிறுத்திவிடுபவர், ஒரு பிள்ளை காத்திருக்கும் என்றால் மழையிலும் போவார்.

இதே போக்கில் இன்னொரு தரவு, அந்த டெட்ராய்ட் ஆய்விலிருந்தே. 423 தம்பதியரை ஐந்தாண்டு தொடர்ந்த ஸ்டெஃபனி பிரவுன் 2003இல் சொன்னது: உற்றார் உறவினருக்கும் அக்கம்பக்கத்துக்கும் உதவி *கொடுத்தவர்களின்* இறப்பு ஆபத்து குறைவாக இருந்தது. உதவி *பெற்றதால்* அப்படியொரு பலன் தெரியவில்லை. நம் வீடுகளில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். துணையை இழந்த அம்மாவிடமிருந்து முதலில் அரிவாள்மணையைப் பிடுங்குகிறோம். 'நீங்க சும்மா உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்.' பாசத்தோடுதான் சொல்கிறோம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976இல் செய்த புகழ்பெற்ற சோதனை இதைப் பற்றியதுதான். 91 முதியவர்கள். ஒரு தளத்தினரிடம் சொன்னார்கள்: இங்கே உங்கள் பொறுப்பு உங்களுடையது, இந்தச் செடிகளில் ஒன்றை எடுத்து வளருங்கள். இன்னொரு தளத்தினருக்கும் செடி உண்டு, ஆனால் நர்ஸ்கள் தண்ணீர் விடுவார்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் தளத்தில் 47 பேரில் 7 பேர் இறந்திருந்தார்கள், இரண்டாம் தளத்தில் 44 பேரில் 13 பேர். பாதிக்குப் பாதி! ஒரு செடியால் உயிர் நீள்கிறது என்று பாடப் புத்தகங்கள் கொண்டாடின. ஆசிரியர்களே பிறகு ஒரு திருத்தம் வெளியிட்டார்கள்: கணக்கில் பிழை, முதலில் சொன்ன அளவுக்கு முடிவு உறுதியானதல்ல. ஆளைக் குலுக்கிப் பிரிக்காமல் தளம் தளமாகப் பிரித்ததும் ஒரு பலவீனம். கொண்டாட்டம் கேட்ட அளவுக்குத் திருத்தம் கேட்கவில்லை.

அதே காலத்தில் ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்த இன்னொரு சோதனை இந்த அளவுக்குப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வட கரோலினாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு மாதம் கல்லூரி மாணவர்கள் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்த, அல்லது தாங்களே நேரம் குறிக்க முடிந்த முதியவர்கள் தெம்பாக ஆனார்கள். இரண்டு மாதத்தோடு ஆய்வு முடிந்தது, மாணவர்கள் நின்றுவிட்டார்கள். பிறகு போய்ப் பார்த்தால், தெம்பானவர்கள்தான் சரிந்திருந்தார்கள். மாணவர்களே வராத முதியவர்கள் அப்படியே இருந்தார்கள். இந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் எதையாவது கொடுப்பதற்கு முன்னால், அது எப்போது முடியும் என்று யோசிக்கிறார்கள் என்றால், அதற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம்.

ஊஞ்சல் ஒரு பக்கமே சிக்கிக்கொண்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓராண்டுக்கு மேலாகியும் ஏக்கம் தணியாமல் அன்றாடமே நின்றுபோனால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று 2022இல் அமெரிக்க மனநோய்க் கையேடு சேர்த்துக்கொண்டது. இதற்கென்றே கேத்தரின் ஷியர் வடிவமைத்த ஒரு பேச்சுச் சிகிச்சையை 151 முதியவர்களிடம் குலுக்கல் முறையில் சோதித்து 2014இல் வெளியிட்டார். அதைப் பெற்றவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் தேறினார்கள். மனச்சோர்வுக்கான வழக்கமான பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர்தான். அந்தச் சிகிச்சையின் ஒரு பாதி, நெருங்கியவர் இறந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. மறுபாதி, இனி என்ன செய்ய ஆசை என்று ஒவ்வொரு வாரமும் கேட்டு, அதற்கு ஓர் அடி எடுத்துவைக்கச் செய்வது. ஊஞ்சலின் இரண்டு பக்கங்களும் அதில் உள்ளன.

போன மாதம் மறுபடி மயிலாடுதுறை போனேன். எதிர்வீட்டுப் பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். காலை ஐந்தரைக்குக் கைடோடு வந்துவிடுகிறாள். பெரியம்மா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் விரலை வைத்துக் கேள்வி கேட்கிறார்; பதில் தப்பென்றால் "ம்ஹும்" என்கிறார். பாதிக் கேள்விகளுக்குத் தனக்கே விடை தெரியாது என்று என்னிடம் சொன்னார். புத்தகத்தில்தான் இருக்கிறதே.

இரண்டாவது டம்ளர் இப்போது அவளுக்கு என்று எழுதினால் அழகாக முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெண் காபி தொடமாட்டாள், பூஸ்ட்தான், அதையும் வீட்டிலேயே குடித்துவிட்டு வருகிறாள். இரண்டாவது டம்ளர் சில நாள் ஷெல்ஃபிலிருந்து இறங்குகிறது, திரும்பப் போகிறது. முன்பைவிடக் குறைவு என்கிறார் பெரியம்மா.

ஷுல்ஸின் மாணவர்கள் என் மனதில் இருந்ததால் கேட்டேன்: "பரீட்சை முடிஞ்சு அவ வேலைக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க பெரியம்மா?"

கைடிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "முதல்ல இவ பாஸ் பண்ணட்டும்டா. இன்னும் ஐவகை நிலத்துக்கே வழியைக் காணோம்."